உப்பிப் போன போன் பேட்டரி: கம்ப்யூட்டரில் செருகும் முன் கவனியுங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்ய விரும்பும் வேலைகளில் ஒன்று, பழைய போட்டோக்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பது. மேஜை டிராயரில் கிடக்கும் பழைய ஸ்மார்ட் போனைத் தேடி எடுப்பார்கள். யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, போட்டோக்களைக் காப்பி செய்ய முயற்சிப்பார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்த போனின் பேட்டரி உப்பி இருந்தால், கேபிளைச் செருகவே கூடாது. ஏன் என்பதையும், போட்டோக்களை இழக்காமல் அவற்றை எப்படி மீட்பது என்பதையும் இங்கு பார்க்கலாம்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயான் வகை பேட்டரி. 1991ல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதன் அடிப்படை ஆய்வுகளுக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதன் உள்ளே ஒரு அலுமினியத் தகடும் ஒரு செம்புத் தகடும் பாய் போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அலுமினியத் தகட்டின் மீது லித்தியம் கலந்த ஆக்சைடு பூசப்பட்டிருக்கும். செம்புத் தகட்டின் மீது கிராபைட் பூசப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று உண்டு. அது நம் தலைமுடியை விட மெல்லியது. இவை அனைத்தும் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றக் கூடியது.

பேட்டரிக்கு வயதாகும்போதும், அதிகம் சூடாகும்போதும் இந்தத் திரவம் சிறிது சிறிதாகச் சிதைந்து வாயுவாக மாறுகிறது. கார்பன் டை ஆக்சைடுடன் ஹைட்ரஜன், மீத்தேன், எத்திலீன் போன்ற எரியும் வாயுக்களும் உருவாகின்றன. போன் பேட்டரியின் மேலுறை காற்று புகாதபடி ஒட்டப்பட்ட பை. வாயு வெளியேற வழி இல்லாததால் பை உப்புகிறது. ஆக, உப்பிய பேட்டரி என்பது உள்ளே கெட்டுப் போன பேட்டரி. அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

2007 ஆகஸ்டில் நடந்ததைச் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். நோக்கியா போன்களில் இருந்த பி.எல்.5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள், சார்ஜ் ஆகும்போது அதிகம் சூடாகலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. மட்சுஷிடா நிறுவனம் தயாரித்துத் தந்த பேட்டரிகள் அவை. அப்போது பின் மூடியைத் திறந்தால் பேட்டரி கையில் வந்துவிடும். மேஜை மீது வைத்துச் சுற்றிப் பார்ப்பார்கள். பம்பரம் போலச் சுற்றினால் நடுவில் உப்பியிருக்கிறது என்று பொருள்.

இன்றைய போன்களில் பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கிறது. எனவே போனைத்தான் பார்க்க வேண்டும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

* திரையின் ஓரம் தூக்கிக் கொண்டு, இடுக்கு தெரிகிறது.
* பின் மூடி நடுவில் மேடாக இருக்கிறது. சமதளத்தில் வைத்தால் போன் ஆடுகிறது.
* திரையில் ஓரிடத்தில் மட்டும் வெளிறிய அல்லது மஞ்சளான திட்டு தெரிகிறது.
* பக்கவாட்டு பட்டன்கள் அழுந்த மறுக்கின்றன.

போன் கவர் போட்டிருந்தால் இவை எதுவும் கண்ணில் படாது. எனவே பழைய போனை எடுத்தவுடன் முதலில் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

ஏன் உப்புகிறது?

நான் பணிபுரியும் நிறுவனத்தில் மொபைல் அப்ளிகேஷன்களைச் சோதிக்க ஒரு வரிசை நிறைய போன்கள் வைத்திருக்கிறோம். இரவு பகலாக அவை கம்ப்யூட்டருடன் இணைக்கப்பட்டே இருக்கும். எங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன்களை விட, யாரும் தொடாமல் கேபிளில் கிடக்கும் அந்த போன்கள்தான் விரைவில் உப்புகின்றன. காரணம் எளியது. எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்பதும், அந்தச் சூடும் பேட்டரிக்குள் சிதைவை வேகப்படுத்துகின்றன. பழைய போனை வெப் கேமராவாகவோ, இண்டர்நெட் ஹாட்ஸ்பாட்டாகவோ மாற்றி, நிரந்தரமாகக் கேபிளில் விட்டிருப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

நேர் எதிரான காரணமும் உண்டு. சார்ஜ் தீர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் டிராயரில் கிடந்தால், பேட்டரியின் வோல்டேஜ் மிகவும் கீழே இறங்கி உள்பாகம் கெடுகிறது. இவை தவிர, போன் கீழே விழுந்து வளைவது, வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்வது, தரமற்ற போலி பேட்டரி ஆகியனவும் காரணங்கள்.

கேபிளைச் செருகினால் என்ன ஆகும்?

"நான் சார்ஜ் போடவில்லையே, காப்பி தானே செய்கிறேன்" என்று நினைக்கலாம். யு.எஸ்.பி. கேபிள் டேட்டாவை மட்டும் கொண்டு செல்வதில்லை. கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் தருகிறது. யு.எஸ்.பி. 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை தருகிறது. செருகிய உடனே சார்ஜிங் தொடங்கிவிடும். போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் சார்ஜிங் நிற்காது. கெட்டுப் போன பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திணிப்பது, உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட வழி வகுக்கும். ஷார்ட் ஏற்பட்டால் வரும் சூடு மேலும் சூட்டை உண்டாக்கி, சில நொடிகளில் பேட்டரி தீப்பிழம்பாகலாம்.

உடனே செய்ய வேண்டியவை

1. போன் சார்ஜரில் இருந்தால், முதலில் சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்திடுங்கள். பின்னர் கேபிளை உருவுங்கள்.

2. போனை ஸ்விட்ச் ஆப் செய்திடுங்கள். மீண்டும் ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

3. சிம் கார்டும் மெமரி கார்டும் பக்கவாட்டு டிரேயில் இருந்தால், மெதுவாக வெளியே எடுத்திடுங்கள். பின் மூடி திறக்கும் பழைய மாடல் எனில், மூடியைத் திறந்ததும் பேட்டரி தானாகக் கையில் வந்தால் எடுக்கலாம். இறுகி இருந்தால் ஸ்பூன், ஸ்க்ரூ டிரைவர் கொண்டு நெம்பக் கூடாது.

4. ஒரு மண்சட்டியில் உலர்ந்த மணலைப் பரப்பி, அதில் போனை வையுங்கள். இறுக்கமாக மூட வேண்டாம். மண்சட்டி இல்லை எனில் சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில் வைக்கலாம். மெத்தை, திரைச்சீலை, காகிதங்கள், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றிற்கு அருகிலோ, வெயிலிலோ வைக்கக் கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது.

5. போன் சுட்டாலோ, உஸ் என்று சத்தம் வந்தாலோ, நகப் பூச்சு போன்ற நெடி அடித்தாலோ தொட வேண்டாம். அனைவரும் வெளியேறி 101 அல்லது 112 எண்ணுக்கு அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயு இருக்கக் கூடும். எக்காரணம் கொண்டும் சுவாசிக்காதீர்கள்.

செய்யவே கூடாதவை

குண்டூசியால் குத்திக் காற்றை இறக்குவது மிகவும் ஆபத்தானது. வெளியே வருவது எரியும் வாயு. ஊசி முனை இரண்டு தகடுகளையும் இணைத்து ஷார்ட் செய்துவிடும்.

தூக்கிக் கொண்ட திரையை அழுத்தி ரப்பர் பேண்ட் போடுவதும் இதற்குச் சமமானது. 2016ல் வெளியான சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்து, அதே ஆண்டு அக்டோபரில் அதன் தயாரிப்பே நிறுத்தப்பட்டது நினைவிருக்கலாம். 2017 ஜனவரியில் அந்நிறுவனம் காரணங்களை வெளியிட்டது. முதலில் வந்த பேட்டரிகளில், ஒரு மூலையில் உள்தகடு வளைந்திருந்ததே ஷார்ட்டுக்கு வழி வகுத்தது என்று தெரிய வந்தது. புதிய பேட்டரியிலேயே ஒரு மூலை வளைந்தது இத்தனை விளைவைத் தந்தது எனில், கெட்டுப் போன பேட்டரியை விரலால் அழுத்தலாமா?

பிரிட்ஜில் வைப்பதால் வாயு மறைந்துவிடாது, ஈரம்தான் சேரும். கூரியரில் அனுப்பவும் கூடாது. பழுதான லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்ற அனுமதி இல்லை.

போட்டோக்கள் போய்விடுமா?

இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அண்மையில் கம்ப்யூட்டர் வாங்கினார். காலமான அவர் மனைவியின் போட்டோக்களும், பேசிய சில வீடியோக்களும் பழைய போனில் இருந்தன. போனோ, திரை பிளந்து நிற்கும் அளவிற்கு உப்பியிருந்தது. "தம்பி, ஒரே ஒரு பத்து நிமிஷம் சார்ஜ் போட்டு எடுத்துக்கலாமா? அப்புறம் தூக்கிப் போட்டுடறேன்" என்று கேட்டார். "வேண்டாங்க ஐயா, படம் எதுவும் பேட்டரியில இல்ல" என்றேன். அவர் சற்று வியப்புடன் பார்த்தார்.

உண்மை அதுதான். போட்டோக்களும், வீடியோக்களும், மெசேஜ்களும் போனின் மெமரி சிப்பில் இருக்கின்றன. பேட்டரி மின்சாரம் மட்டுமே தருகிறது. பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, புதியதைப் பொருத்தினால் போன் வழக்கம் போல் இயங்கும். பெரியவரின் போனில் சர்வீஸ் சென்டரில் அப்படித்தான் செய்தார்கள். அன்று மாலையே எல்லாப் படங்களும் அவர் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. வீடியோ ஒன்றை ஓடவிட்டு, வால்யூமைக் கூட்டச் சொன்னார்.

போனைக் கடைக்குக் கொண்டு செல்லும் முன், கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, போனில் பயன்படுத்திய கூகுள் கணக்கின் மூலம் கூகுள் போட்டோஸ் தளத்திற்குச் சென்று பாருங்கள். படங்கள் ஏற்கனவே அங்கு இருக்கலாம். ஐபோன் எனில் ஐகிளவுட் தளத்தில் தேடவும். ஆனால் கடைசிப் படத்தின் தேதியையும் கவனியுங்கள். 2021 ஜூன் முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்கள், இலவசக் கணக்குகளில் ஜிமெயிலுடன் பகிர்ந்து கொள்ளும் 15 ஜி.பி. இடத்தில் கணக்கிடப்படுகின்றன. ஐகிளவுட் தரும் இலவச இடம் 5 ஜி.பி. மட்டுமே. இடம் நிறைந்த நாளோடு பேக்கப் நின்றுபோயிருக்கும்.

வங்கி ஓ.டி.பி. நின்றுவிடுமே என்ற கவலையும் வேண்டாம். சிம்மை எடுத்து வேறு போனில் போட்டால் போதும்.

பேட்டரி மாற்றும்போது

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குச் செல்வது நல்லது. முதலில் போன் செய்து, உப்பிய பேட்டரி என்று சொல்லி, எப்படிக் கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுங்கள். சட்டைப் பையிலோ, பேண்ட் பாக்கெட்டிலோ வைத்து வண்டி ஓட்ட வேண்டாம். போட்டோக்கள் தேவை என்பதையும், போனை ரீசெட் செய்யக் கூடாது என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பேட்டரி மாற்ற உங்கள் போன் லாக் எண் தேவையில்லை. சோதிக்க வேண்டும் என்றால் நீங்களே அருகில் இருந்து திறந்து காட்டுங்கள்.

புதிய பேட்டரியின் மீது பி.ஐ.எஸ். முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும் உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கு தீப்பிடிக்கும். ஆபத்து துப்புரவுப் பணியாளர்களுக்கு. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளை மற்ற குப்பையுடன் கலக்காமல் தனியே ஒப்படைப்பது நம் பொறுப்பு. சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. எனவே சர்வீஸ் சென்டரிலேயே விட்டு வருவது எளிது.

இனி உப்பாமல் இருக்க

போன் செட்டிங்ஸில் சார்ஜை 80 சதவீதத்துடன் நிறுத்தும் வசதி பல மாடல்களில் உள்ளது. இருந்தால் இயக்கி வையுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் செய்ய வேண்டாம். பயன்படுத்தாத போனைப் பாதி சார்ஜில் ஸ்விட்ச் ஆப் செய்து, வெயில் படாத இடத்தில் வைத்திடுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்து, உப்பவில்லை என்று பார்த்த பின் மீண்டும் பாதி வரை ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும் விட, பேட்டரி நன்றாக இருக்கும்போதே போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். போனில் மட்டும் ஒரே பிரதியாகப் படங்களை வைத்திருப்பவர்தான், உப்பிய பேட்டரிக்கு இன்னும் பத்து நிமிடம் சார்ஜ் போடத் துணிகிறார்.