சென்னையில் மாறிய மேலுறை: கிராம் எதிர் பாக்டீரியாவைக் கற்பித்தல்

கிராம் எதிர் பாக்டீரியாவை நம் மாணவர்கள் ஒரு மதிப்பெண் வினாவாகவே அறிந்திருக்கிறார்கள். சால்மோனெல்லா டைஃபி, ஷிகெல்லா, விப்ரியோ காலரே என ஒப்பிப்பார்கள். எதிரே டைஃபாய்டு, சீதபேதி, காலரா எனப் பொருத்துவார்கள். 'எதிர்' என்றால் என்ன என்று கேட்டால், "நோய் தருவது டீச்சர்" என்று பதில் வரும். அப்படியானால் டெட்டனஸ் கிருமியும் தொண்டை அடைப்பான் கிருமியும் கிராம் நேர் வகை ஆயிற்றே என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பாடத்தை நான் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

1884இல் பெர்லினில் பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நுரையீரல் திசுவில் உள்ள கிருமிகளைத் தெளிவாகப் பார்க்க ஊதாச் சாயமும் அயோடினும் இட்டு ஆல்கஹாலால் கழுவினார். சில கிருமிகளில் ஊதா நின்றது, சிலவற்றில் போய்விட்டது. நிறம் போனவற்றை இளஞ்சிவப்பாகக் காட்டும் சாஃப்ரனின் பின்னால் பிறர் சேர்த்தது.

நுண்ணோக்கி இல்லாத பள்ளியிலும் இதைக் காட்டலாம். ஒரு தடித்த டர்க்கித் துண்டு, ஒரு மெல்லிய வேட்டித் துணி, சொட்டு நீலம், குங்குமம் கரைத்த நீர் போதும். இரண்டையும் நீலத்தில் நனைத்து, ஒரே அளவு நீரில் ஒரே எண்ணிக்கையில் அலசச் சொல்லுங்கள். துண்டில் நீலம் தங்கும். மெல்லிய துணியில் பெரும்பாலும் போய்விடும். பிறகு குங்கும நீரில் முக்கினால் மெல்லிய துணி சிவக்கும். கிராம் நேர் பாக்டீரியாவின் செல்சுவரில் பெப்டிடோகிளைகான் அடுக்கு தடிமன். எதிர் வகையில் மெலிது. துணி காட்டாத ஒன்றை மட்டும் நாம் வாயால் சொல்ல வேண்டும்: அந்த மெலிந்த சுவருக்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு இருக்கிறது. ஆல்கஹால் அதைக் கரைப்பதால்தான் சாயம் வெளியேறுகிறது.

அந்த வெளிச்சவ்விலேயே பாடத்தின் உயிர் இருக்கிறது. அதில் பதிந்துள்ள லிப்போபாலிசாக்கரைடின் கொழுப்புப் பகுதி இரத்தத்தில் கலந்தால் காய்ச்சலும் அதிர்ச்சியும் உண்டாகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிக்கு 'ஓ' ஆன்டிஜன் என்று பெயர். நம் உடல் கிருமியை அடையாளம் காண உதவுவது பெரும்பாலும் இச்சங்கிலியே.

இதற்கு நம் மாநிலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறெங்கும் கிடைக்காது. 1992 வரை, கொள்ளைநோயாகப் பரவும் காலராவை உண்டாக்குவது ஓ1 என்ற வகை மட்டுமே என்று உலகம் நம்பியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையில் காலரா பரவியது. நோய்க்குறிகள் எல்லாம் காலரா. ஆனால் ஆய்வகத்தில் ஓ1 எதிர்ச்சீரத்துடன் அக்கிருமி திரளவில்லை. மதுரையிலும் கண்டறியப்பட்ட அது, அடுத்த சில மாதங்களில் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. ஏற்கெனவே 138 ஓ வகைகள் அறியப்பட்டிருந்ததால் இதற்கு ஓ139 என எண்ணிட்டு, 'பெங்கால்' என்ற பெயரும் சேர்த்தார்கள். (முதலில் கண்ட ஊரின் பெயர் அதில் இல்லாதது எனக்கு இன்றும் சிறு வருத்தம்தான்.) குடலிலிருந்து நீரை வெளியேற்றும் நச்சு அதே பழைய நச்சு, மேலுறை மட்டும் புதிது. காலரா வழக்கமாக உள்ள ஊர்களில் அது சிறு குழந்தைகளையே அதிகம் தாக்கும். பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புசக்தி இருக்கும். ஓ139 பெரியவர்களையே பெருமளவில் படுக்கவைத்தது. அவர்கள் உடல் அறிந்திருந்தது ஓ1இன் சங்கிலியை. பத்தாம் வகுப்பு மாணவருக்கும் இது புரிகிறது. புரிந்தபின் 'ஆன்டிஜன்' என்ற சொல் மறப்பதில்லை.

வெளிச்சவ்வு மருந்துகளுக்கும் தடைதான். வான்கோமைசின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அதைக் கடப்பதில்லை. கடக்கும் மருந்தையும் சிதைக்கும் நொதிகள் சில கிருமிகளில் உண்டு. அவ்வகையான என்.டி.எம்.-1 பற்றி 2010இல் வெளியான ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. வயிற்றுப்போக்கு என்றதும் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கத்தை வகுப்பில் பேச இதுவே தக்க இடம்.

வானூர், மரக்காணம் பகுதிப் பிள்ளைகளுக்கு விப்ரியோ தூரத்துக் கிருமி அல்ல. கடல்நீரும் நன்னீரும் கலக்கும் உவர்நீரே அதன் இயல்பான வீடு. அங்கே கோப்பிபாடு என்னும் நுண்ணிய மிதவை உயிரிகளின் மேல் ஒட்டி வாழ்கிறது. கழுவெளி ஏரியைக் காட்டி இதைச் சொல்லலாம். வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையை நான்காகவும் அதற்கு மேலும் மடித்துத் தண்ணீரை வடிகட்டியபோது காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததன் காரணமும் இதுவே: மிதவை உயிரி துணியில் நின்றுவிடும். குளோரினும் கொதிநீரும் கிடைக்கும் இடத்தில் புடவை மாற்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உப்பளத்துப் பிள்ளைகள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: கடைசிப் பாத்தியில் நீர் சிவக்கிறதே, அதுவும் காலராக் கிருமியா? இல்லை. அவ்வளவு உப்பில் விப்ரியோ வளராது. அந்தச் சிவப்புக்குப் பெரிதும் காரணமான ஹாலோபாக்டீரியம், பெயர் எப்படியிருந்தாலும், ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு. வேடிக்கை என்னவென்றால் சாயமிட்டால் அதுவும் கிராம் எதிராகவே தெரியும். சாயத்தில் ஒத்திருப்பவை எல்லாம் உறவல்ல என்று சொல்ல இதைவிட நல்ல சான்று கிடையாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், எங்கள் பகுதியில் வெள்ளம் வடிந்ததும் நான் முதலில் எடுத்தது உப்பு–சர்க்கரைக் கரைசல் பாடம். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு ஆயா குடுக்க மாட்டேங்குது டீச்சர்" என்றாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் தம்பிக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. கடும் காலராவில் சில மணி நேரத்திலேயே உடல் வற்றி உயிர் போகலாம். நச்சு குடலைத் தாக்கும்போதும், சர்க்கரையோடு சேர்ந்து உப்பு உள்ளே போகும் வழி அடைபடுவதில்லை. உப்பு போனால் நீரும் பின்தொடரும். 1971இல் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் இதைக் கொண்டே காலரா நோயாளிகள் பலரைக் காத்தார்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையெனில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி தலைதட்டியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணைக் கலக்க வைத்துப் பாட்டிக்கு விளக்கும்படி அனுப்பினேன். தம்பியை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகும்படியும் சொல்லிவிட்டேன். கலக்கும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கல்லுப்பைத்தான் கையில் எடுப்பார்கள், கரண்டியில் குவிப்பார்கள். பொடித்த பிறகே அளக்கச் சொல்லுங்கள்.