கடற்கரை மேடைக்கு ட்யூப் ஆம்பா, மாடலரா?

இந்தத் தடவை கார்டும் இல்லை, ஸ்கேலும் இல்லை. நேரா விஷயத்துக்கு வருவோம். உங்க பேண்டுக்கு ஈசிஆர் பக்கம் ஒரு ஷோ கிடைச்சிருக்கு. கோவளமோ மாமல்லபுரமோ, கடலைப் பார்த்த திறந்த மேடை. கையில இருக்கிறது நாலு பேர் சேர்த்து வெச்ச காசு. அதுல ட்யூப் ஆம்ப் வாங்குறதா, டிஜிட்டல் மாடலர் வாங்குறதா?

யூடியூப்ல இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. ஆனா அங்க பேசுறவங்க பெரும்பாலும் ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசுறாங்க. நமக்கு உப்புக்காத்து, ஜெனரேட்டர், செங்கல்பட்டுல இருந்து மாமல்லபுரத்துக்கு சுமார் 30 கிலோமீட்டர் பயணம் எல்லாமே கணக்குல வரணும். அதனால "எது சவுண்ட் சூப்பர்?" என்ற கேள்வியை ஓரமா வெச்சுட்டு, "நம்ம மேடையில கடைசிப் பாட்டு வரைக்கும் எது தாங்கும்?" என்று கேட்போம். ஃபர்ஸ்ட் இயர் பேசிக் எலக்ட்ரிகலும், பாதிப் பேர் தூங்கிக் கழிச்ச டிஎஸ்பி கிளாஸும் இங்க உதவும்.

1. ரெண்டுக்கும் உள்ளே என்ன நடக்குது?

ட்யூப் என்பது தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் இருந்த அதே கண்ணாடிக் குழாய்தான். உள்ளே ஹீட்டர் சூடாகும், கேத்தோடில் இருந்து எலக்ட்ரான் கிளம்பி பிளேட்டுக்குப் போகும். நடுவில் இருக்கும் கிரிட்தான் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். கிட்டார் சிக்னல் அந்த கிரிட்டுக்குப் போகுது. பிரீஆம்பில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7, பவர் ஸ்டேஜில் இஎல்84, இஎல்34, 6எல்6 மாதிரி ட்யூப்கள் இருக்கும்.

மெதுவா வாசிச்சா அவுட்புட் சுத்தமா வரும். ஓங்கி அடிச்சா அலையோட உச்சி சட்டுன்னு வெட்டுப்படாம மெல்ல வளையும். ஹைபர்போலிக் டேன்ஜென்ட் கர்வை ஒருமுறை நோட்டில் வரைஞ்சு பாருங்க, கிட்டத்தட்ட அதே வடிவம்தான். அப்படி வளையும்போது புது ஹார்மானிக்ஸ் பிறக்கும். "டோன்" என்று எல்லாரும் உருகுறது அதைத்தான். விரலோட அழுத்தத்துக்கு ஏற்ப சவுண்ட் மாறுறதும் இதனால்தான்.

மாடலர் இதே வேலையைக் கணக்கா செய்யும். சிக்னலை வினாடிக்கு 48,000 தடவை மாதிரி எடுத்துச் செய்யுற மாடலர்கள் நிறைய. அந்த எண்களை ஒரு நான்-லீனியர் கணக்குக்குள்ள அனுப்பி, அப்புறம் ஸ்பீக்கர் பெட்டியோட இம்பல்ஸ் ரெஸ்பான்ஸோட கன்வல்யூஷன் பண்ணும். "இதெல்லாம் எங்க சார் யூஸ் ஆகும்?"னு கிளாஸ்ல கேட்டோமே, அந்த கன்வல்யூஷன்தான். 48 கிலோஹெர்ட்ஸில் 2048 சாம்பிள் நீளம் என்றால் சுமார் 43 மில்லிசெகண்ட். ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதுக்கு முன்னாடி வெச்ச மைக்கும் சேர்ந்த குணம் அந்தச் சின்ன ஃபைலுக்குள்ள அடங்கிடும்.

ஒரு சிக்கல் உண்டு. நான்-லீனியர் கணக்கு புதுசா உருவாக்குற ஹார்மானிக்ஸ் 24 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினா, மடங்கிக் கீழே இறங்கி ஸ்வரத்தோட ஒட்டாத சத்தமா கேட்கும். அதுதான் ஏலியாசிங். நல்ல மாடலர் அந்த இடத்துல மட்டும் ஓவர்சாம்பிளிங் பண்ணித் தப்பிக்கும்.

லைன் 6 பாட் வந்தது 1998ல். 2011ல் அறிமுகமான கெம்பர், நிஜ ஆம்புக்குள்ள டெஸ்ட் சிக்னல் அனுப்பி அதோட குணத்தை அளந்து வெச்சுக்கும். இப்போ நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அதையே நியூரல் நெட்வொர்க் வெச்சு இலவசமா செய்யுது. மெஷின் லேர்னிங்ல மினி ப்ராஜெக்ட் தேடுறவங்க குறிச்சு வெச்சுக்கோங்க.

2. கடைசி வரிசையில் இருக்கிறவருக்கு எது கேட்குது?

எனக்குத் தெரிஞ்சு முடிவைத் தீர்மானிக்கிற கணக்கு இதுதான். திறந்த வெளியில் தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். உங்க ஆம்ப் 1 மீட்டரில் 110 டெசிபல் தருதுன்னு வெச்சுக்குவோம். 2, 4, 8, 16, 32 மீட்டர், அதாவது ஐந்து தடவை இரட்டிப்பு. 32 மீட்டரில் மிச்சம் 80 டெசிபல்தான். ஹாலில் சுவர் எதிரொலிச்சுக் கொஞ்சம் திருப்பித் தரும். கடற்கரையில் சுவரே இல்லை. கூடவே அலை இரைச்சல், காத்து. ஆம்ப் வாட்ஸை ரெண்டு மடங்காக்கினாலும் கிடைக்கிறது வெறும் 3 டெசிபல்.

அதனால திறந்த மேடையில ட்யூப் ஆம்புக்கு முன்னாடியும் ஒரு மைக் வெச்சு பிஏ சிஸ்டத்துக்குத்தான் அனுப்புவாங்க. 2010களில் கோவளத்தில் நடந்த சர்ஃப்-இசைத் திருவிழா மாதிரி கடற்கரை மேடையானாலும் சரி, கல்லூரி கிரவுண்டில் நடக்குற கல்ச்சுரல்ஸ் ஆனாலும் சரி, கூட்டம் கேட்கிறது பிஏ ஸ்பீக்கரைத்தான். ட்யூப் ஆம்ப் என்றால் ஆம்ப், மைக், பிஏ. மாடலர் என்றால் மாடலர், பிஏ. ரெண்டு பாதையும் ஒரே ஸ்பீக்கர்ல போய் முடியுது.

அப்போ வித்தியாசம் எங்க? மேடை மேல நிக்கிற உங்களுக்கு மட்டும். முதுகுக்குப் பின்னாடி ஆம்ப் இருந்தா கால்சட்டை அதிரும், நோட் நீண்டு நிக்கும். அது நிஜமான சுகம், மறுக்கலை. ஆனா அந்தச் சுகத்துக்கு நம்ம ஊர்ல என்ன விலைன்னு பார்ப்போம்.

3. கரண்ட் கணக்கு

ட்யூப் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேணும். பொதுவா 10 சதவீதம் மேலே கீழே போகலாம், அதாவது 5.7 முதல் 6.9 வரைக்கும். இந்த வோல்டேஜ் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வருது. மெயின்ஸ் 230 என்றால் 6.3. மேடை லைட்டெல்லாம் ஒண்ணா எரிஞ்சு 190க்கு இறங்கினா? 6.3ஐ 190ஆல் பெருக்கி 230ஆல் வகுத்தா 5.2. லிமிட்டுக்குக் கீழே போயாச்சு. பிளேட் வோல்டேஜ் 400 இருந்தது 330 ஆகும். பவர் வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால தோராயமா 68 சதவீதம்தான் மிஞ்சும். முதல் பாட்டுல இருந்த டோன் நாலாவது பாட்டுல இருக்காது.

பல மாடலர்களில் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை இருக்கு, 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கமோ அடாப்டர் மேலேயோ அந்த எண்ணைப் பாருங்க. அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டு வர்ற ட்யூப் ஆம்பா இருந்தா ரெண்டு தடவை பாருங்க. 120 வோல்ட் ஆம்பை நம்ம பிளக்ல நேரடியா சொருகினா அன்னைக்கே அதோட கதை முடிஞ்சுது.

மாடலருக்கும் ஒரு பலவீனம் உண்டு. மெயின்ஸ்ல இருந்து ஜெனரேட்டருக்கு மாறும்போது ஒரு வினாடி கரண்ட் போனாலே அது ரீஸ்டார்ட் ஆகும். திரும்ப எழுந்திருக்க அரை நிமிஷம்கூட ஆகலாம். ட்யூப் சூடாவே இருக்கிறதால அந்த ஒரு வினாடியை ஆம்ப் எளிதா தாண்டிடும். தீர்வு சுலபம்: கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் ஒண்ணு. மாடலர் இழுக்கிறது சில பத்து வாட்ஸ்தான்.

4. உப்பு, ஈரம், எடை

மாமல்லபுரத்துல வெளியே நிறுத்துற பைக்கோட செயினைப் பாருங்க, உப்புக்காத்து என்ன பண்ணும்னு புரியும். ட்யூப் சாக்கெட், பாட், ஜாக் எல்லாத்துலயும் அதே கதை. காண்டாக்ட் கெட்டா கரகரன்னு சத்தம் வரும். மாடலர் ஜாக்கும் ஃபுட்ஸ்விட்சும் இதுல விதிவிலக்கு இல்லை. ஆனா அதைப் பையில சிலிக்கா ஜெல் போட்டு மூடி எடுத்துட்டுப் போகலாம்.

இன்னொண்ணு: ரிசார்ட் ஏசி ரூம்ல குளிர்ந்த கருவியை உடனே வெளியே எடுத்து ஆன் பண்ணாதீங்க. ஈரக்காத்து பட்டதும் உள்ளே நீர் கோத்துக்கும். 400 வோல்ட் ஓடுற பெட்டிக்குள்ள தண்ணி ஆபத்து. பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வெச்சுட்டு அப்புறம் எடுங்க.

எடை? ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ. ஃப்ளோர் மாடலர்கள் பெரும்பாலும் 7 கிலோவுக்குள்ளதான். எலக்ட்ரிக் ட்ரெயின்ல செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து பஸ் பிடிச்சு மாமல்லபுரம் போறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

ரிப்பேர்ல மட்டும் ட்யூப் ஜெயிக்கும். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்துல வால்வு தயாரிச்சது. இன்னைக்கு புது ட்யூப்கள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவுல இருந்து வருது. ட்யூப் கிடைச்சுட்டா விஷயம் தெரிஞ்ச டெக்னீஷியன் மாத்திடுவார். சர்க்யூட்டும் கண்ணுக்குத் தெரியும். மாடலர் போர்டு போனா சர்வீஸ் சென்டர்தான் கதி. ஒரு எச்சரிக்கை: ஆஃப் பண்ணிப் பிளக்கைப் பிடுங்கின பிறகும் ட்யூப் ஆம்ப் கெபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிக்கும். "நான் ஈசிஇதான்"னு சொல்லித் திறக்காதீங்க. ஸ்பீக்கர் இணைக்காம ஆன் பண்ணவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

5. மாடலர் வாங்கினா செய்ய வேண்டிய ஹோம்வொர்க்

மாடலர் வாங்கினவங்கள்ல பாதிப் பேர் "சவுண்ட் செத்துப் போச்சு"ன்னு புலம்புவாங்க. காரணம் பெரும்பாலும் கருவி இல்லை.

முதல் காரணம், ரூம்ல மெதுவா கேட்டு பேட்ச் செட் பண்றது. 1933ல் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டின விஷயம் இது: குறைஞ்ச சத்தத்துல நம்ம காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைவா கேட்கும். அதை ஈடுகட்ட ரெண்டையும் ஏத்தி வைப்போம். மேடை சத்தத்துல அது கடகடன்னும் காதைக் கிழிச்சும் வரும். அதனால பேட்சை ஒரு தடவையாவது ஷோ சத்தத்துல, பவர்டு ஸ்பீக்கர்ல, டிரம்ஸோட சேர்த்து செட் பண்ணுங்க.

ரெண்டாவது, மானிட்டர். பின்னாடி ஆம்ப் இல்லைன்னா உங்களை நீங்களே கேட்க வழி வேணும். சவுண்ட் அண்ணா தர்ற ஒரே மானிட்டர்ல பாடகர் குரல்தான் முதல்ல ஓடும். அதனால பட்ஜெட்டை மாடலர்ல மட்டும் கொட்டாதீங்க. ஒரு படி குறைஞ்ச மாடலரும், ஒரு சின்ன பவர்டு ஸ்பீக்கரோ இயர் மானிட்டரோ சேர்த்து வாங்குறது புத்திசாலித்தனம்.

மூணாவது, "லேட்டன்சி" பயம். நம்ம வெயில்ல ஒலி வினாடிக்கு சுமார் 350 மீட்டர் போகும், மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட். ஆம்ப்ல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி நின்னாலே 6 மில்லிசெகண்ட் ஆச்சு. நல்ல மாடலரோட தாமதம் அதைவிடக் குறைவுதான்.

6. எர்த்: இதுல மட்டும் சமரசம் வேண்டாம்

எதை வாங்கினாலும் இது பொருந்தும். 1972ல் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். கிட்டார் கம்பி ஒரு கையில், மைக் இன்னொரு பக்கம், நடுவில் நம்ம உடம்பு. வியர்வை, ஈர மணல், ஜெனரேட்டர் மூணும் சேர்ந்த மேடை இன்னும் மோசம்.

சவுண்ட் செக்குக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு, ஒரு முனையை மைக் கிரில்லிலும் இன்னொண்ணை கிட்டார் கம்பியிலும் வைங்க. கையால கிரில்லைத் தொடாதீங்க. எண் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல இருக்கணும். பத்து, இருபதுன்னு ஏறினா எர்த்தைச் சரி பண்ற வரைக்கும் வாசிக்காதீங்க. எந்தக் காரணத்துக்காகவும் மூணு பின் பிளக்ல எர்த் பின்னை உடைக்காதீங்க.

7. அப்போ எதை வாங்கலாம்?

• பெரும்பாலும் வெளி மேடை, பஸ் பயணம், ஒரே செட்ல மூணு நாலு விதமான டோன்: மாடலர். கூடவே மானிட்டரும் யுபிஎஸ்ஸும்.
• ஒரே இடத்துல பிராக்டிஸ், நிலையான கரண்ட், சின்ன ஹால், ரெக்கார்டிங்: 5 முதல் 15 வாட் வரைக்குமான சின்ன ட்யூப் ஆம்ப். கூடவே நல்ல ஸ்டெபிலைசர்.
• காசு இன்னும் சேரலை: லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், நியூரல் ஆம்ப் மாடலர். பழகிக்கோங்க, மேடைக்கு அப்புறம் யோசிக்கலாம்.

என் ஓட்டு, இந்தக் கடற்கரைக்கு மாடலர்தான். ஆனா ஒரு வேண்டுகோள். வாங்குறதுக்கு முன்னாடி எங்கேயாவது ஒரு நல்ல ட்யூப் ஆம்ப்ல ஒரு மணி நேரம் வாசிச்சுப் பாருங்க. கிட்டார் வால்யூம் நாப்பை மட்டும் குறைச்சா டிஸ்டார்ஷன் எப்படித் தெளியுது, பிக்கை அழுத்தினா எப்படித் திரும்பக் கத்துதுன்னு விரலுக்குத் தெரியட்டும். மாடலரைத் திருகும்போது எதைத் தேடுறீங்கன்னு அப்போதான் உங்களுக்குத் தெரியும்.

ஷோ கிடைச்சா சொல்லுங்க மக்களே, முன் வரிசையில நிக்கிறோம்!