கடலுக்கு முதுகு காட்டும் மாளிகை

கடற்கரைக்கு அருகே உங்களுக்குப் பெரிய நிலம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாளிகை கட்டினால் சன்னல்களை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? கடலைப் பார்த்துத்தான் என்பீர்கள். இங்கிலாந்தில் நார்ஃபோக் மாவட்டத்தின் வடகரையில் உள்ள ஷெரிங்ஹாமில், 1812-ஆம் ஆண்டில் தோட்டக்கலை வல்லுநர் ஹம்ப்ரி ரெப்டன் வேறு விடை சொன்னார்.

அது ‘ரீஜென்சி’க் காலம். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றியிருந்ததால், 1811 முதல் 1820 வரை அவருடைய மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். அப்போது அப்பட் அப்ச்சர் என்ற இளம் செல்வர் இந்த நிலத்தை வாங்கி, ரெப்டனை அழைத்தார். ரெப்டனின் மகன் ஜான் அடே ரெப்டன் கட்டடக் கலைஞர். தந்தையும் மகனும் சேர்ந்தே திட்டம் தீட்டினார்கள்.

கடல் இருப்பது வடக்கே. குளிர்காற்றும் அங்கிருந்துதான் வீசும். எனவே மரங்கள் அடர்ந்த ஒரு குன்றின் மறைவில், வெயில் வரும் தென்திசையை நோக்கி வீட்டை அமைத்தார்கள்.

இதில் உள்ள பௌதிகத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஷெரிங்ஹாமின் அட்சரேகை ஏறத்தாழ 53 டிகிரி. பகலும் இரவும் சமமாக உள்ள நாளில், நண்பகல் சூரியனின் உயரம் 90 – 53 = 37 டிகிரி. டிசம்பரில் இதிலிருந்து 23½ டிகிரி குறையும். மிஞ்சுவது வெறும் 13½ டிகிரி! ஜூனில் அதே அளவு கூடி 60½ டிகிரி ஆகும். சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். இரண்டை 13½ டிகிரியின் டேன்ஜென்டால், அதாவது 0.24-ஆல், வகுங்கள். டிசம்பர் வெயில் அறைக்குள் 8 மீட்டருக்கு மேல் நீளும். ஜூனிலோ ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். குளிர் நாட்டுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வடக்குச் சன்னலுக்கோ ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் கிடையாது.

அக்கால ஆங்கில மாளிகைகள் பலவற்றில் வராந்தாவும் இருந்தது. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. அதன் கூரை கோடையின் உயர்ந்த வெயிலைத் தடுக்கும். குளிர்காலத்தின் தாழ்ந்த வெயிலை உள்ளே விடும். காரணத்தை மேலே கண்ட கோணங்களைக் கொண்டு நீங்களே படம் வரைந்து அறியலாம்.

ரெப்டன் தம் யோசனைகளைச் சிவப்புத் தோல் அட்டை போட்ட புத்தகமாக எழுதித் தருவார். அதில் நிலத்தின் ஓவியத்தின்மேல் ஒரு சிறு தாள்மடல் ஒட்டியிருக்கும். மடல் மூடியிருந்தால் இன்றைய நிலம். தூக்கினால் வரப்போகும் தோட்டம்! நிலத்துக்காரரின் மனத்தை மாற்ற இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியவில்லை. ஷெரிங்ஹாமில் மாளிகைக்குச் செல்லும் பாதையையும் அவர் அப்படியே அமைத்தார். ஒரு வளைவு வரை எதுவும் தெரியாது; திரும்பியதும் வீடு, புல்வெளி, குன்று எல்லாம் ஒருசேரக் கண்முன் விரியும்.

தம் பணிகளுள் தமக்கு மிகவும் பிடித்தது இதுவே என்று கருதிய ரெப்டன் 1818-இல் காலமானார். அப்ச்சரும் அந்த வீட்டில் குடியேறாமலே 1819-இல் இறந்துபோனார். தோட்டத்துக்கென ரெப்டன் எண்ணியிருந்த சிறு மண்டபம் 1975-இல்தான் எழுந்தது.