சேர்வராயன் மலைக் காட்டோணான்

மரமும் புள்ளும் ஊர்வனவும் கூர்ந்து நோக்கிப் பாடிய மரபு நம்முடையது. இன்று நாம் ஓணான் என்பதைச் சங்கச் சான்றோர் ஓதி என்றனர். குறுந்தொகை 140ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் அதன் முதுகைக் கருக்கரிவாளின் பல்வரிசையோடு ஒப்பிடுகின்றார். வழிச்செல்வோர் அதனிடம் நிமித்தம் பார்த்தமையும் அப்பாட்டால் அறியலாகும்.

அவ்வோதியின் உறவினம் ஒன்று ஏற்காட்டு மரங்களில் வாழ்கின்றது. இக்காட்டோணானை 1837ஆம் ஆண்டில் டுமேரில், பிப்ரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் முதன்முதல் விளக்கினர். ரூ என்னும் இயற்கையறிஞரின் பெயரை அதற்கு இட்டனர். 2018இல் இந்திய ஆய்வாளர்கள் இதனைக் கலோட்டஸ் பேரினத்தினின்று பிரித்து, மொனிலிசாரஸ் என்னும் புதுப் பேரினத்துள் அமைத்தனர்.

வேலியில் திரியும் ஓணானினும் இது மெலிந்தது. தோளின் முன்புறம் தோல்மடிப்பு ஒன்று உண்டு. இதுவே இதனை அறிதற்குரிய அடையாளம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை செங்கல் நிறம் பெறும், உடல் கருக்கும். நிறம் மாறுவது கண்டு பச்சோந்தி என மயங்குதல் கூடாது. அது வேறு குடும்பத்தது. ஆளரவம் கேட்டால் காட்டோணான் அடிமரத்தின் மறுபுறம் சென்று ஒட்டிக்கொள்ளும். பூச்சிகளே இதன் உணவு. மரத்தில் வாழினும் பெண் தரையிறங்கி, மண்ணில் குழிபறித்து முட்டையிட்டு மூடும். எனவே மரமும் வேண்டும்; மரத்தடி மண்ணும் வேண்டும்.

1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் புகுத்தினார். பழைய காட்டு மரங்களை நிழலுக்கென விட்டுவைத்த தோட்டங்களில் இவ்வுயிர்க்கும் இடம் கிடைத்தது. அம்மரங்களை வெட்டி ஆஸ்திரேலிய சில்வர் ஓக் ஒன்றையே நட்டுவரின், பல்வகை மரங்களைச் சார்ந்த பூச்சிகள் குறையும். அவற்றை உண்டு வாழ்வதும் குறையும்.

ஓணானைக் கண்டால் கல்லெறிவதும் சுருக்கிட்டுப் பிடிப்பதும் நம் சிறார் விளையாட்டு. நாமும் இளமையில் அவ்வாறு செய்தவர்களே. எறிந்தோமேயன்றி, ஒருநாளேனும் நின்று நோக்கினோமில்லை. ஏற்காட்டின் பெயரையே தாங்கிய பகற்பல்லி ஒன்று 2000ஆம் ஆண்டில்தான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. மக்கள் நாளும் நடமாடும் மலையிலேயே இத்தனைக் காலம் ஓருயிர் பெயரின்றி இருந்தது எனில், நாம் காணாதன இன்னும் எத்துணையோ!

மாணவர்காள்! அடுத்த முறை மலையேறுங்கால் கையிலுள்ள கல்லைக் கீழே இடுங்கள். அடிமரத்தின் மறுபுறம் மெல்ல நோக்குங்கள். ஓதியைக் கண்டு பாடியவர் வழியில் வந்த நமக்கு அஃது உரிய செயலேயாம்.