குடோனில் போட்ட பில் ஆபீசில் அச்சாகும் சங்கடம்

கணக்கு முழுவதையும் ஒரே சர்வரில் வைத்துக்கொண்டு, கடையிலிருந்தும் குடோனிலிருந்தும் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் திறந்து பில் போடும் முறை நம்மில் பலரிடம் வந்துவிட்டது. எங்கள் மண்டியிலும் அப்படித்தான்.

சென்ற மார்கழியில், பொங்கல் சரக்கு ஏற்றும் நாளில் இது எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. பருப்பு மூட்டைகள் லாரியில் ஏறிவிட்டன. டிரைவர் பில்லுக்காக நிற்கிறார். குடோன் பிரிண்டர் அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஆபீசிலிருந்து போன்: "அண்ணாச்சி, இங்கே ஒரே பில் ஏழு காப்பி வந்து கிடக்கிறதே, யார் போட்டது?" பில் போட்ட பையனைத் திட்டித் தீர்த்தோம். தவறு அவனிடம் இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். ரிமோட் டெஸ்க்டாப்பில் நம் முன்னே இருப்பது திரை மட்டுமே. பில் போடும் புரோகிராம் ஓடுவது சர்வரில். அதன் கண்ணுக்குத் தெரிகிற பிரிண்டர்தான் அதற்குப் பிரிண்டர். குடோன் பிரிண்டரை நாம் கூடவே அழைத்துச் செல்லாவிட்டால், பில் ஆபீஸ் பிரிண்டருக்குத்தான் போகும்.

முதலில் ரிமோட்டை மூடிவிட்டு, குடோன் கம்ப்யூட்டரிலிருந்தே நோட்பேடில் இரண்டு வரி அடித்து அச்செடுத்துப் பாருங்கள். அதுவே வராவிட்டால் கோளாறு கேபிளிலோ பிரிண்டரிலோ இருக்கிறது. சர்வரைக் குடைந்து பயனில்லை. வந்துவிட்டால், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனில் 'ஷோ ஆப்ஷன்ஸ்' அழுத்தி, 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில் 'பிரிண்டர்ஸ்' கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களிடம் அங்கேதான் கோட்டை விட்டது. புதிதாக வைத்த ஐகானில் அந்த டிக் இல்லை. டிக் போட்டபின் 'ஜெனரல்' பக்கத்தில் 'சேவ்' கொடுக்கவும். பழைய ஐகான் எங்காவது கிடந்தால் அழித்துவிடவும்.

உள்ளே நுழைந்ததும் சர்வரின் பிரிண்டர் பட்டியலில் நம் பிரிண்டரின் பெயரோடு 'ரீடைரக்டட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் சேர்ந்து தெரியும். தெரியாவிட்டால் 'பிரிண்ட் ஸ்பூலர்' சர்வீஸ் இரு பக்கமும் ஓடுகிறதா என்று பார்க்கவும். அதுவும் சரியென்றால், சர்வரின் குரூப் பாலிசியில் பிரிண்டரை அனுமதிக்காத கட்டளை இருக்கலாம். அதைச் சர்வர் பார்ப்பவர்தான் எடுக்க வேண்டும். அதற்காக முக்கிய பாஸ்வேர்டைப் போனில் சொல்லிவிடாதீர்கள். கல்லாப்பெட்டிச் சாவிக்குச் சமம் அது.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. லாக் ஆஃப் செய்து மறுபடி நுழைந்தால் எண் மாறலாம். பில் புரோகிராமில் 'ரீடைரக்டட் 2' என்று பெயரை நிலையாகப் பதித்திருந்தால் நாளைக்கு அது 3 ஆகி, பில் வராது. ஆகையால் புரோகிராமில் 'டீபால்ட் பிரிண்டர்' என்றே விட்டுவிட்டு, குடோன் கம்ப்யூட்டரில் பில் பிரிண்டரை டீபால்ட் ஆக்கி வைப்பதே நல்லது.

டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்போருக்கு இன்னொரு தொல்லை. சர்வர் 2008 முதல் விண்டோஸில் 'ஈசி பிரிண்ட்' என்ற வசதி உண்டு. சர்வரில் தனி டிரைவர் போடாமலே அச்சாகும். லேசர் பிரிண்டருக்கு மிக நல்லது. ஆனால் அது பில்லைப் படம்போல அனுப்புவதால், டாட் மேட்ரிக்ஸ் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்து அடிக்கும், எழுத்தும் மங்கலாகும். மூன்று காப்பிக் கார்பன் தாளில் கேட்கவே வேண்டாம். இதற்கு வழி, குடோனில் உள்ள அதே டிரைவரை அதே பெயரில் சர்வரிலும் போட்டு, ஈசி பிரிண்ட்டை முதலில் எடுக்கச் சொல்லும் பாலிசியை 'டிசேபிள்' செய்வது. வெறும் எழுத்து மட்டும் போதுமென்றால் இரு பக்கமும் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரைப் போடச் சொல்லலாம். ஆனால் அதில் தமிழ் எழுத்து வராது. சரக்கின் பெயரைத் தமிழில் அச்சிடும் கடைக்காரர்கள் பிரிண்டரின் சொந்த டிரைவரையே போட்டுக்கொள்ள வேண்டும்.