ஊருக்கொரு நிறம், நாட்டிற்கு ஒரே நிறம்
பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

போட்டி இல்லாத இடத்தில் வளர்ச்சி இல்லை என்று பெரியோர் கூறுவர். ஆனால் போட்டி பொறாமையாகி, பொறாமை பகையாக மாறிவிட்டால் என்ன ஆகும்? பகைத்தவர்கள் மீண்டும் ஓரணியில் நிற்க முடியுமா? இக்கேள்விகளுக்கு வேல்ஸ் நாட்டின் கால்பந்து இரசிகர்களின் வரலாறு நல்லதொரு விடை தருகிறது. வேல்ஸ், பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில், இங்கிலாந்தை ஒட்டி அமைந்த சிறு நாடு. அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 31 இலட்சமே.

இரு நகரங்கள்

வேல்ஸின் தென் கடற்கரையில் கார்டிஃப், ஸ்வான்ஸி என்னும் இரு நகரங்கள் உள்ளன. இடைப்பட்ட தூரம் சுமார் 65 கிலோமீட்டர்தான். கார்டிஃப் நிலக்கரி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம். ஸ்வான்ஸி செம்பு உருக்கும் தொழிலால் புகழ் பெற்றது. கார்டிஃப் 1905 இல் மாநகரத் தகுதியையும் 1955 இல் தலைநகர்ப் பெருமையையும் அடைந்தது. ஸ்வான்ஸி மாநகரத் தகுதிக்கு 1969 வரை காத்திருந்தது. 1997 இல், வேல்ஸுக்குத் தனிப் பேரவை வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது ஸ்வான்ஸி "வேண்டும்" என்றது. கார்டிஃப் "வேண்டாம்" என்றது. ஆயினும் பேரவை அமைந்தது கார்டிஃபிலேதான்! "எல்லாம் தலைநகருக்கே போகிறது" என்ற மனக்குறை ஸ்வான்ஸி மக்களுக்கு ஏன் உண்டாயிற்று என்பது இப்போது விளங்கும். அக்குறை கால்பந்து மைதானத்திலும் ஒலித்தது.

இரு கழகங்கள்

கார்டிஃப் கழகம் 1899 இல் தோன்றியது. அதன் நிறம் நீலம். செல்லப் பெயர் 'நீலப் பறவைகள்'. ஸ்வான்ஸி கழகம் 1912 இல் தோன்றியது. அதன் நிறம் வெள்ளை; செல்லப் பெயர் 'அன்னங்கள்'. அவ்வாண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் இரு அணிகளும் முதன்முதலாக மோதின. ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது.

1927 இல் கார்டிஃப், வெம்ப்ளி மைதானத்தில் ஆர்சனல் அணியை 1-0 என வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. அக்கோப்பை இங்கிலாந்தை விட்டு வெளியே சென்றது அந்த ஒரே முறைதான். ஸ்வான்ஸியும் சளைத்ததன்று. 2011 இல் பிரீமியர் லீக்கில் நுழைந்த முதல் வேல்ஸ் கழகம் என்ற பெருமையை அதுவே தட்டிச் சென்றது. 2021-22 ஆம் பருவத்தில் கார்டிஃபை 3-0, 4-0 என இருமுறையும் வென்றது. லீகில் ஒரே பருவத்தின் இரு ஆட்டங்களிலும் மற்றதை வென்ற முதல் அணி அதுவே.

பகையின் விலை

இவ்வளவும் ஆரோக்கியமான போட்டியே. ஆனால் ஒரு காலத்தில் அது எல்லை மீறியது. 1993 டிசம்பரில் கார்டிஃபில் நடந்த ஆட்டத்தின்போது இரசிகர்களிடையே பெருங்கலவரம் மூண்டது. அதன் பின் சில ஆண்டுகள், வெளியூர் அணியின் இரசிகர்கள் வரவே தடை விதிக்கப்பட்டது. தடை நீங்கிய பிறகும் அவர்கள் விருப்பம்போல் செல்ல இயலவில்லை. குறிப்பிட்ட பேருந்துகளில் ஏறி, காவலர் துணையுடன் நேரே மைதானம் சென்று, அதே பேருந்தில் வீடு திரும்ப வேண்டியிருந்தது. ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள அண்டை ஊருக்குக் காவலோடு செல்ல வேண்டிய நிலை! அமைதியாக ஆட்டம் பார்க்க விரும்பிய தந்தையரும் பிள்ளைகளும்கூட இவ்விலையைச் செலுத்தினர்.

நாடு அழைக்கும்போது

வேல்ஸ் நாட்டு அணியின் நிறம் சிவப்பு. அண்மை ஆண்டுகளில் அவ்வணியின் சொந்த ஆட்டங்கள் பெரும்பாலும் கார்டிஃப் கழகத்தின் மைதானத்திலேயே நடக்கின்றன. அதாவது, ஸ்வான்ஸி இரசிகர் ஒருவர் தம் போட்டியாளரின் வீட்டிற்கே சென்று, அவர்களது இருக்கையில் அமர்ந்து, அவர்களோடு சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். வடக்கிலிருந்து ரெக்ஸம் இரசிகர்களும் அங்கே வருகின்றனர்.

துன்பமும் அவர்களை இணைத்தது. 2011 நவம்பர் 27 இல் நாட்டு அணியின் பயிற்சியாளர் கேரி ஸ்பீட் திடீரென மறைந்தார். அன்று ஸ்வான்ஸி மைதானத்தில் அவருக்காக மௌனம் காக்கத் தொடங்கிய மக்கள், தம்மையறியாமல் கைதட்டி அவர் பெயரை முழங்கினர். 2012 பிப்ரவரி 29 இல் அவரது நினைவு ஆட்டம் கார்டிஃபில் நடைபெற்றது.

2016 இல் பிரான்சில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில், ஜூலை 1 அன்று வேல்ஸ் பெல்ஜியத்தை எதிர்த்து ஆடியது. முதல் கோலைப் பெல்ஜியம் போட்டது. அப்போது கார்டிஃப் கழகத்தில் வளர்ந்த ஆரன் ராம்சி கார்னரிலிருந்து பந்தை உயர்த்தி அடித்தார். ஸ்வான்ஸியின் தலைவராக இருந்த ஆஷ்லி வில்லியம்ஸ் அதைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். நீலம் கொடுத்தது, வெள்ளை முடித்தது, சிவப்பு வென்றது! ஆட்டம் 3-1 என முடிய, வேல்ஸ் அரையிறுதிக்குச் சென்றது. அப்போது அவர்கள் கொண்டிருந்த முழக்கம், 'ஒன்றுபட்டால் இன்னும் வலிமை' என்பதாகும்.

2022 ஜூன் 5 இல் கார்டிஃபில் உக்ரைனை 1-0 என வென்று, 1958 க்குப் பின் 64 ஆண்டுகள் கழித்து வேல்ஸ் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அன்று டாவித் இவான் என்னும் பாடகர், 'இன்னும் இங்கே இருக்கிறோம்' என்று பொருள்படும் தம் வேல்ஸ் மொழிப் பாடலைப் பாட, மைதானம் முழுவதும் உடன் பாடியது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுவோரும் தம் நாட்டு மொழியில் பாடினர்.

முடிவுரை

நாட்டு அணி வென்ற மறுநாளே கார்டிஃப் இரசிகர் ஸ்வான்ஸிக்கு ஆதரவாளராக மாறிவிடுவதில்லை. மாற வேண்டியதும் இல்லை. தம் ஊர்ப் பற்றை விட்டுவிட்டு அவர்கள் ஒன்றாகவில்லை. அதை வைத்துக்கொண்டே ஒன்றாயினர். உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித பவுல் கற்பித்ததும் இதையே அன்றோ?

தோழியரே! விளையாட்டு விழாவில் நம் இல்லத்திற்காகத் தொண்டை வற்றக் கத்துவோம். அதில் தவறில்லை. ஆனால் எதிர் இல்லத்துச் சகோதரி விழுந்தால் கை கொட்டிச் சிரிக்க வேண்டாம். மாவட்டப் போட்டியில் நம் பள்ளிக்காகப் பந்தை நமக்குத் தரப்போகிறவள் அவளாகவே இருக்கலாம்!