வென்டிலேட்டர் வேண்டாம் என்பது பாவமா?

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. வென்டிலேட்டர் வைத்தாலும் தேறமாட்டார் என்கிறார்கள் டாக்டர்கள். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் கொலைப் பாவமாகுமா, ஐயா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆகாது, மகளே. பலன் தராத, பாரமான சிகிச்சையை ஏற்றே தீரவேண்டும் என்பதில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொல்லிவிட்டார். சி.எஸ்.ஐ. சபையாரான நமக்கும் அந்த வாதம் பொருந்தும் என்றே நம்புகிறேன். உச்ச நீதிமன்றமும் 2018-ல் உரிய நடைமுறையோடு இதை அனுமதித்தது.

தலைக்கூத்தல் வேறு. நம் தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் விடியுமுன் கிழவரின் தலையில் எண்ணெய் வழியத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்டு உயிர் போய்விடும். அங்கே நோக்கமே சாவு. அதைக் கருணை என்று என்னால் சொல்ல முடியாது.

“என்னை அனுப்பிடுங்க” என்று அப்பா கேட்டால், பெரும்பாலும் வலிதான் அப்படிப் பேசுகிறது. டாக்டரிடம் மார்ஃபின் பற்றிக் கேளுங்கள். டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார், எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் அவரைக் காட்டி அப்பாவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டை நனையுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.